ஊரைக் கட்டும்போது உயிரையும் நினைப்போம்

 

சேலம் கோட்டை ஜாமிஆ மஸ்ஜிதுக்குத் தொழப் போனவர்கள் பக்கத்தில் ஓடும் திருமணிமுத்தாற்றைப் பார்த்திருப்பீர்கள். மூக்கைப் பொத்திக்கொண்டும் இருப்பீர்கள். சேர்வராயன் மலையில் சுத்தமாகப் பிறக்கும் ஆறு அது. நம் சாக்கடையையும் சாயக்கழிவையும் சுமந்துகொண்டு நாமக்கல் மாவட்டத்தைக் கடந்து காவிரியில் கலக்கிறது. நாம் கொட்டியதை அங்குள்ள விவசாயி வாங்கிக்கொள்கிறார். அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றிப் பேசும் நாம், ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் வாழும் அண்டை வீட்டாரை நினைத்தோமா?

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை கொட்டியது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை. ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்தது. இங்கே ஆறு பெருகிக் கரையோர வீடுகளுக்குள் புகுந்தது. மழை அல்லாஹ்வின் நாட்டம். ஆனால் ஓடையை அடைத்தது யார்? ஏரியில் குப்பை கொட்டியது யார்? எல்லாம் விதி என்று கைகழுவ மார்க்கம் நமக்குக் கற்றுத்தரவில்லை.

சகோதரர்களே! ஷாம் தேசத்தில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியபோது, உமர் (ரலி) அவர்கள் ஸர்ஃக் என்ற இடம்வரை வந்துவிட்டுத் திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியைவிட்டு ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். ஒரு விதியிலிருந்து அல்லாஹ்வின் இன்னொரு விதிக்கே போகிறோம் என்று உமர் (ரலி) விளக்கினார்கள். பிறகு அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) வந்து, நோய் பரவிய ஊருக்குள் நுழையவும் வேண்டாம், அங்கிருப்பவர் தப்பி வெளியேறவும் வேண்டாம் என்ற நபி (ஸல்) அவர்களின் கட்டளையை எடுத்துச் சொன்னார்கள். தவக்குல் என்றால் இதுதான். முயற்சியும் செய்வது, முடிவை அல்லாஹ்விடம் விடுவது.

அதே உமர் (ரலி) காலத்தில் கூஃபா நகரம் எழுந்தது. பெருந்தெரு 40 முழம், அடுத்தவை 30, 20, சந்துகள் 7 முழம் என அளந்தே கட்டினார்கள் என்று வரலாற்றாசிரியர் தபரி பதிவு செய்கிறார். நாணல் வீடுகள் தீயில் எரிந்தபோது செங்கல்லில் கட்ட அனுமதி தந்தார்கள். ஆனால் மூன்று அறைக்கு மேல் வேண்டாம், அளவுக்கு மீறி உயர்த்தவும் வேண்டாம் என்றார்கள்.

நம் முஹல்லாவைப் பாருங்கள். வாசல்படியைத் தெருவுக்கு இழுத்துக் கட்டுகிறோம். ஜும்ஆவுக்கு வந்து வண்டியைச் சந்தில் நிறுத்துகிறோம். அந்த நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்தால்? பாதையிலுள்ள இடையூறை அகற்றுவது ஈமானின் கிளை. அப்படியானால் இடையூறை உண்டாக்குவது எதன் கிளை?

2020-இல் பள்ளிவாசல் கதவுகள் மூடியிருந்தன. ரமளானில் தராவீஹை வீட்டில் தொழுதோம். ஒரே அறையில் எட்டுப் பேர் வாழும் வீட்டில் நோயாளியைத் தனியே வைக்க முடியாமல் தவித்தவர்கள் நம்மிலேயே உண்டு. காற்றும் வெளிச்சமும் வரும் ஜன்னல் ஆடம்பரமல்ல, அது உயிர்க்காப்பு.

என்ன செய்யலாம்? ஊர் மக்கள் கைகோத்ததால்தான் 2010-இல் மூக்கனேரி மீண்டது. தூர் வாரிய மண்ணைத் திட்டுகளாக்கி மரம் நட்டார்கள். நம்மாலும் முடியும்.

மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழகத்தில் கட்டாயம். நம் வீட்டுக் குழாய் உண்மையில் குழிக்குப் போகிறதா, சாக்கடைக்குப் போகிறதா? இன்றே பாருங்கள். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவுத் தண்ணீரில் உளூ செய்தார்கள். சுமார் ஒரு லிட்டர்; அதற்கும் குறைவு என்போரும் உண்டு. நாம் குழாயைத் திறந்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறோம். உளூ தண்ணீர் பள்ளிவாசல் மரங்களுக்குப் போகட்டும். குர்பானிக் கழிவு ஓடைக்குப் போகவே கூடாது. தனியாக வாழும் முதியோர், நோயாளிகளின் பட்டியல் ஒவ்வொரு ஜமாஅத்திடமும் இருக்கட்டும். வெள்ளம் வந்த இரவில் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று அப்போது யோசிக்கக் கூடாது. அந்தக் கதவு எந்த மதத்தவருடையதாக இருந்தாலும் தட்ட வேண்டும்.

யா அல்லாஹ்! எங்கள் ஊரை நோயிலிருந்தும் வெள்ளத்திலிருந்தும் வறட்சியிலிருந்தும் காப்பாயாக. நீ தந்த தண்ணீருக்கும் மண்ணுக்கும் துரோகம் செய்யாதவர்களாக எங்களை ஆக்குவாயாக. ஆமீன்.