தூரதிருஷ்டிக் கண்ணாடியும் பிறைச் சாட்சியும்

 

சென்ற மாதம் என் மகனுக்காக 70 மில்லிமீட்டர் வாயுள்ள சிறு தூரதிருஷ்டிக் கண்ணாடி ஒன்று வாங்கினேன். "விளையாட்டுச் சாமானுக்கு இத்தனை வெள்ளியா?" என்றார் அண்டைக் கடைக்காரர். அன்று சிரித்து வைத்தேன். பதிலை இங்கே சொல்கிறேன்.

என் வாலிபத்தில், ரமலான் 29-ஆம் நாள் மாலை, சிலர் கூடி மாடியில் நின்று பெருநாள் பிறை தேடினோம். ஒருவர் "அதோ!" என்றார். மற்றவர்களும் கண்டோம் என்றார்கள். நானும் "ஆமாம், கண்டேன்" என்றேன். என் கண்ணில் ஒன்றுமே படவில்லை. நாங்கள் நோக்கிய மேற்குத் திக்கில் 833 மீட்டர் உயரமுள்ள பினாங்கு மலையல்லவா நின்றது என்பது பின்னால்தான் உறைத்தது. தாழ்ந்த பிறையை அது விழுங்கிவிடும். பிறை பார்க்கும் வானியல் நிலையம் தீவின் மேற்குக் கரையிலே, பாலிக் புலாவ் பக்கம் பந்தாய் ஆச்சேயில், கடலை நோக்கி அமைந்திருக்கிறது. அல்அஸ்ஹரில் ஓதி, நம் பினாங்கில் மதரஸா நடத்தி, 1956-இல் மறைந்த ஷெய்கு தாஹிர் ஜலாலுத்தீன் அவர்களின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டுள்ளது. மார்க்க ஆலிமே வானக் கணக்கிலும் வல்லவராய் இருந்தார்கள்!

பிறைகள் மக்களுக்கும் ஹஜ்ஜுக்கும் காலங்காட்டிகள் என்பது ஸூரத்துல் பகராவில் அல்லாஹுத்தஆலா அருளிய விடையின் கருத்து. நோன்பு மட்டுமா? வியாபாரிகளாகிய நமது ஜகாத் வருஷமும் பிறை வருஷமே. அது 354 நாள் சுமார். ஆங்கிலத் தேதியை வைத்து ஜகாத்துக் கணக்கு முடிப்பவர், 33 வருஷத்தில் ஒரு முழு வருஷத்து ஏழை ஹக்கைத் தம் பெட்டியிலேயே வைத்துக்கொள்கிறார். இது எத்தனை கடைகளில் நடக்கிறதோ!

இனி கண்ணாடிக்கு வருவோம். முக்காலியைச் சமதரையில் ஊன்ற வேண்டும். தராசை ஆடும் பலகையில் வைத்து நிறுப்போமா? குழாயின் மேல் இருக்கும் சிறு குறிக்கண்ணாடியைப் பகலிலேயே சரிசெய்வது அவசியம். நான் கொம்தார் உச்சியைப் பெரிய குழாயில் நடுவாகப் பிடித்து, பிறகு திருகாணிகளைத் திருப்பிக் குறிக்கண்ணாடியிலும் அதையே நடுவாக்கினேன். கடை திறக்குமுன் தராசு முள்ளைப் பார்ப்பது போலத்தான். கண் வைக்கும் வில்லைகளில் முதலில் 25 மில்லிமீட்டர். குழாயின் குவியத் தூரம் 700 ஆனால் 28 மடங்கு பெருக்கும். ஆரம்பத்துக்கு அது தாராளம். அதிகம் பெருக்கினால் வானம் குறுகிப்போய் நிலவு அகப்படாது. அகப்பட்டாலும் இரண்டு நிமிஷத்தில் தன் அகலம் நகர்ந்துவிடும். குளிர்சாதன அறையிலிருந்து நேரே வெளியே கொண்டுவந்தால் நம்மூர் ஈரக் காற்றில் வில்லை வியர்க்கும். சற்றுப் பொறுக்க வேண்டும். சூரியன் முழுதும் இறங்குமுன் மேற்கே திருப்பவே கூடாது. ஒரு கணம் போதும், கண் போய்விடும். பிள்ளைகளிடம் கொடுக்கும்போது இதைக் கண்டித்துச் சொல்லுங்கள்.

அனஸ் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் நூறு வயதை நெருங்கியபோது பிறை கண்டதாகச் சொன்னார்களாம். உடனிருந்த வேறு எவருக்கும் தெரியவில்லை. பஸராவின் காஜி இயாஸ் அவர்கள், பெரியவரின் கண்மீது வளைந்து விழுந்திருந்த வெள்ளைப் புருவ முடியை மெல்ல ஒதுக்கிவிட்டு, "இப்போது காட்டுங்கள்" என்றார்கள். பிறை இல்லை! சங்கைக்குரிய ஸஹாபியைப் பொய்யர் என்று எண்ணவுமில்லை, முடியைப் பிறையென்று ஏற்கவுமில்லை. அவர்களுக்குக் குறுக்கே வந்தது முடி. எனக்குக் குறுக்கே வந்தது கூட்டத்தின் கூச்சல். முடிக்குப் பாவமில்லை.

நம் நாட்டில் பிறை அறிவிப்பு அரசர்களின் முத்திரைக் காப்பாளர் வாயிலாக வருகிறது. 2021 முதல் நிலவு அடிவானத்துக்கு மேல் 3 பாகையும், சூரியனிலிருந்து 6.4 பாகையும் விலகியிருக்க வேண்டுமென்ற கணக்கு கைக்கொள்ளப்படுகிறது. ஆகவே என் மாடிக் கண்ணாடியால் பெருநாள் முந்தவும் போவதில்லை, பிந்தவும் போவதில்லை. மேகம் மறைத்தால் முப்பதைப் பூர்த்தியாக்கும்படி நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் வழிகாட்டிவிட்டார்கள். காணாததைக் கண்டதாகச் சொல்ல நமக்கு என்ன அவசரம்?

சென்ற 29-ஆம் நாள் மகனோடு மேற்குக் கரைக்குப் போனேன். மக்ரிபுக்குப் பின் வெகுநேரம் குனிந்து பார்த்தான். பக்கத்தில் யாரோ "அதோ!" என்றார்கள். பையன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"எனக்குத் தெரியவில்லை, அத்தா" என்றான்.

நோட்டை நீட்டினேன். "மேகம். காணவில்லை" என்று எழுதித் தேதி போட்டான்.