பார்த்தவர் ஒருவர், சுடுபவர் ஒருவர்

வாக்கி டாக்கிக்குப் புதியவர்கள் பட்டனை அழுத்தும்போதே பேசவும் ஆரம்பித்துவிடுவார்கள். இந்தப் பக்கத்துக் கருவி அலையை அனுப்பத் தொடங்கி, அந்தப் பக்கத்துக் கருவி விழித்துக்கொள்ளக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதற்குள் முதல் சொல் போய்விடும். இன்னும் சிலர் பேசி முடிக்கும் முன்பே விரலை எடுத்துவிடுவார்கள். அவர்களுக்கு வால் போய்விடும். நான் கட்டடங்களில் தீ எச்சரிக்கை அமைப்பைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். ஒருவர் கீழே பேனல் அறையில், இன்னொருவர் பதினெட்டாவது மாடியில். ஒரு சொல் விழுந்தால் "திரும்பச் சொல்லுங்கண்ணே" என்று கேட்டால் போதும், வேலை நடக்கும்.

எதிர்ப்பக்கம் இருப்பவர் கையில் துப்பாக்கி இருந்தால் கதை வேறு. மலாய் மொழியில் சுடாதே என்பதற்கு 'ஜாங்கான் தெம்பாக்'. தலை போனால் மிஞ்சுவது 'தெம்பாக்', அதாவது சுடு. ஆங்கிலத்திலும் இதே கதிதான், 'டோன்ட்' முன்னால் நிற்கிறது. தமிழில் மறுப்பு வினைக்குள்ளேயே, பின்பக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. தலை போனாலும் '...டாதே' என்று காதில் விழும், பிழைத்தோம். ஆனால் வால் போனால் 'சுடா' என்று நிற்கும். இரைச்சலில் அது 'சுட்றா' என்று கேட்காது என்று யார் உத்தரவாதம் தருவது? இரண்டு மொழியும் கலந்து பேசுகிற ஒரு கூட்டத்தில் எந்த முனை அறுந்தாலும் ஆபத்து.

இது வெறும் இலக்கண வேடிக்கை இல்லை. 1977 மார்ச் 27 அன்று டெனெரிஃப் தீவின் விமான நிலையத்தில், மூடுபனியில், இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். ஒரு விமானம் ஓடுபாதையில் வேகமெடுத்துக்கொண்டிருந்தது. கட்டுப்பாட்டுக் கோபுரமும், இன்னும் ஓடுபாதையிலேயே இருந்த இன்னொரு விமானமும் ஒரே நேரத்தில் பேசின. இரண்டு குரலும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்ததில் முதல் விமானிக்கு முக்கியமான செய்தி ஒரு கீச்சொலியாகத்தான் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு, 'டேக் ஆஃப்' என்ற சொல்லை உண்மையான அனுமதியைக் கொடுக்கும்போதோ ரத்து செய்யும்போதோ தவிர வேறெங்கும் சொல்லக்கூடாது என்று விதி வந்தது. வேட்டைக்காரர்களும் இதைக் கடன் வாங்கலாம். ரேடியோவில் 'சுடு' என்ற வேரே வரக்கூடாது. நிறுத்தச் சொல்ல வேண்டுமா? 'நில்லு, நில்லு, நில்லு'. மூன்று முறை. எந்த முனை அறுந்தாலும் ஒன்று மிஞ்சும்.

இதையெல்லாம் நான் யோசிக்கக் காரணம் ஜொகூரில் இருக்கும் என் மாமா. குளுவாங் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மறுநடவு செய்த இளங்கன்றுகளின் குருத்தைக் காட்டுப்பன்றிகள் தோண்டித் தின்றுவிடும். அனுமதி வாங்கிய ஒரு சின்னக் குழு பகலில் பன்றி வேட்டைக்குப் போகிறது. துப்பாக்கி லைசென்ஸ் இரண்டு பேரிடம்தான். மாமா நாய்களோடு கலைத்து விரட்டுகிறவர். "தம்பி, ஜாலான் புசார்ல நல்ல செட்டு கிடைக்குமாமே, நாலு வாங்கிட்டு வா" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ்.

கிடைக்கும்தான். கம்ப்யூட்டருக்கு சிம் லிம் ஸ்குவேர் என்றால், ஒயருக்கும் ஸ்பீக்கருக்கும் இந்த மாதிரி சாமான்களுக்கும் எதிர்ச்சாரியில் சிம் லிம் டவர். மேற்பார்வையாளர், செக்யூரிட்டி, கல்யாண ஏற்பாட்டாளர் எல்லாரும் அங்கே வாக்கி டாக்கி வாங்குகிறார்கள். வேட்டைக்கு என்று கேட்டால் கடைக்காரர் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார். புறாவுக்கு ரொட்டி போட்டாலே அபராதம் கட்டுகிற ஊர் இது.

வாங்கவில்லை. குணம் பார்த்து அல்ல, அலைவரிசை பார்த்து. சிங்கப்பூரில் தனி லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தக் கிடைக்கும் அரை வாட் செட்டுகள் 446 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இயங்குகின்றன. மலேசியாவில் பொதுமக்களுக்கான செட்டு 477 பக்கம். மாமாவின் கூட்டாளிகளிடம் ஏற்கெனவே இருப்பவை அவைதான். பாலத்தைத் தாண்டினால் நான் வாங்கிப் போகும் செட்டு அவர்களுடைய செட்டுக்கு ஊமை. குளுவாங்கிலேயே வாங்கச் சொல்லிவிட்டு, எதைப் பார்த்து வாங்குவது என்று மட்டும் எழுதி அனுப்பினேன். பெட்டியில் போட்டிருக்கும் கிலோமீட்டர் கணக்கை நம்பாதீர்கள், அது இடையில் ஒரு தடையும் இல்லாத வெட்டவெளிக் கணக்கு. ஈர ஓலைகளுக்கு நடுவே ஒரு கிலோமீட்டர் கிடைத்தால் நல்லது. காதில் மாட்டும் இயர்பீஸ் கட்டாயம். பேசி முடித்ததும் 'பீப்' என்று கத்துவதை அணைத்துவிடுங்கள். 'பிரைவசி கோட்' என்று ஒன்று இருக்கும். அது உங்கள் பேச்சை மறைக்காது, மற்றவர்கள் பேசுவது உங்கள் காதில் விழாமல் செய்யும், அவ்வளவுதான். அதையும் அணையுங்கள். பக்கத்துத் தோட்டத்தில் இன்னொரு கூட்டம் இறங்கியிருந்தால் அவர்கள் குரல் உங்களுக்குக் கேட்கட்டும்.

எழுதி முடித்த பிறகுதான் இது எந்தப் பக்கத்துக்கான உதவி என்ற கேள்வி வந்தது.

வேட்டையில் ரேடியோ வழியாகப் போகும் வாக்கியங்கள் அடிப்படையில் இரண்டுதான். 'நான் இங்கே இருக்கேன்' என்பது ஒன்று. 'அது அங்கே இருக்கு' என்பது இன்னொன்று. முதலாவது கூட்டாளிக்கு நாம் பட்டிருக்கும் கடமை. இரண்டாவது மிருகத்துக்கு எதிராக நாம் எடுத்துக்கொள்ளும் அனுகூலம். ஒரே பட்டன், ஒரே விலை. அமெரிக்காவின் மொன்டானா மாநில விதிகள் இந்த இரண்டையும் பிரித்தே பார்க்கின்றன. பாதுகாப்புக்காகப் பேசலாம், மிருகத்தை வீழ்த்துவதற்காகப் பேசக்கூடாது. தியடோர் ரூஸ்வெல்ட் 1887இல் தொடங்கிவைத்த பூன் அண்ட் கிராக்கெட் கிளப்பும், மின்னணுக் கருவி வழிகாட்டி வீழ்த்திய மிருகத்தைத் தன் சாதனைப் பதிவேட்டில் சேர்த்துக்கொள்வதில்லை. 'நியாயமான துரத்தல்' என்பது அவர்களுடைய கொள்கை. ஸ்பானிய தத்துவவாதி ஒர்தேகா ஈ காஸெத் 1942இல் வேட்டை பற்றி எழுதிய கட்டுரையிலும் இதே திசையில்தான் போகிறார். மனிதனின் ஆயுதம் வளர வளர, மிருகத்துக்கும் ஒரு வாய்ப்பு மிஞ்சும்படி அவன் தன் கையைத் தானே கட்டிக்கொள்கிறான், அது இல்லையென்றால் வேட்டை இல்லை, வெறும் கொலை என்பது அவர் வாதத்தின் சாரம்.

எனக்கு இந்த வாதத்தில் பாதிதான் ஒட்டுகிறது. நியாயமான ஆட்டம் என்றால் இரண்டு தரப்புக்கும் ஆட்டம் நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டாமா? பன்றிக்குத் தெரியாது. நான் ரேடியோவை வீட்டில் வைத்துவிட்டு வந்ததை அது பாராட்டப்போவதில்லை. அந்த விதி வேட்டைக்காரன் தன்னைப் பற்றி வைத்திருக்கும் படத்தைக் காப்பாற்றும் விதி. பொழுதுபோக்குக்காகச் சுடுகிறவருக்கு அந்தப் படம் தேவை, நியாயம்தான். கன்றுகளைக் காப்பாற்றப் போகிற மாமாவின் கூட்டத்துக்கு அது பொருந்துமா? அங்கே பன்றிக்கு நாம் தரக்கூடிய ஒரே மரியாதை, காயப்பட்டு ரெண்டு நாள் கிடந்து சாகாமல் பார்த்துக்கொள்வது. காயத்தோடு ஓடியதைத் தேடிப் பிடித்து முடிக்க 'அது அங்கே இருக்கு' என்று சொல்லத்தான் வேண்டும். அந்த இடத்தில் ரேடியோவை அணைத்து வைப்பது நேர்மை இல்லை, பாவனை.

அப்படியென்றால் இரண்டாவது வாக்கியத்தில் குற்றமே இல்லையா என்றால், இருக்கிறது. அது வேறு இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

தசரதன் கதை எல்லாருக்கும் தெரியும். இருட்டில், ஆற்றங்கரையில், குடத்தில் தண்ணீர் மொள்ளும் சத்தத்தை யானை தண்ணீர் குடிக்கும் சத்தம் என்று எடுத்துக்கொண்டு அம்பு விட்டான். செத்தது கண் தெரியாத பெற்றோருக்குத் தண்ணீர் எடுக்க வந்த பையன். சத்தத்தை வைத்தே குறி தவறாமல் அடிக்கத் தெரிந்த வில்லாளி அவன். அந்தத் திறமை இல்லாதவன் என்றால் இருட்டில் அம்பை எடுத்திருக்கவே மாட்டான், விடியும் வரை காத்திருப்பான். சிறுவயதில் இதைக் கர்மவினைக் கதையாகக் கேட்டேன். இப்போது கேட்டால் தொழில்நுட்பக் கதையாகத் தோன்றுகிறது. பார்க்காததை அடிக்க முடிகிற வசதி வந்ததும், பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் போய்விடுகிறது.

ரேடியோ எல்லாருக்கும் தசரதனின் காதைக் கொடுக்கிறது. "அந்தப் புதருக்குள்ளதான் இருக்கு, உன் பக்கம்தான் வருது" என்று மாமா சொல்கிறார். மாமா பொய் சொல்லவில்லை, அவர் பன்றியைப் பார்த்தார். ஆனால் அவர் சொல்வதற்கும் புதர் அசைவதற்கும் இடையே பத்து நொடி போயிருக்கிறது. பன்றி வேறு பக்கம் திரும்பியிருக்கலாம். அசைவது நாயைத் தேடிக் குனிந்த மாமாவாகவே இருக்கலாம். துப்பாக்கிக்காரருக்கோ புதருக்குள் இருப்பது பன்றி என்று ஏற்கெனவே தெரியும், யாரோ காதுக்குள் சொல்லியாகிவிட்டது. அவர் புதரைப் பார்க்கவில்லை, கேட்ட வாக்கியத்தைப் பார்க்கிறார். பன்றி என்று நினைத்துக் கூட்டாளியைச் சுட்ட செய்திகள் மலேசியப் பத்திரிகைகளில் அவ்வப்போது வருகின்றன. அவற்றில் ரேடியோவுக்குப் பங்கு உண்டு என்று நான் சொல்லவரவில்லை. கூட்டாளியைக் காப்பாற்ற வாங்கிய கருவியே இதற்கும் வழி திறக்கிறது என்கிறேன்.

அப்படி ஒன்று நடந்துவிட்டால் சுட்டது யார்? பார்த்தவர் சுடவில்லை. சுட்டவர் பார்க்கவில்லை. "நீதானே சொன்னே" என்று ஒருவர், "நீ பாக்க வேணாமா" என்று ஒருவர். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. ரேடியோ இல்லாத காலத்தில் பார்வையும் விரலும் பெரும்பாலும் ஒரே உடம்பில் இருந்தன, பொறுப்புக்கு நிற்க ஓர் இடம் இருந்தது. என் வேலையிலும் இதன் சின்ன வடிவம் உண்டு. "பதினெட்டாவது மாடி ஓகே" என்று குரல் வந்ததும் பேனல் அறையில் டிக் போட்டுவிடுவோம். கையெழுத்து என்னுடையது, கண் இன்னொருவருடையது. ஆனால் அங்கே மறுநாள் திரும்பிப் போய்ப் பார்க்கலாம்.

இன்னொருவர் பார்த்ததை நம்பி நடப்பது தவறு என்று பொதுவாகச் சொல்ல முடியாது. வாழ்க்கையே அதில்தான் ஓடுகிறது. மருத்துவர் ஸ்கேன் அறிக்கையை நம்புகிறார், நான் மருத்துவரை நம்புகிறேன். உயிரை எடுக்கிற செயல் ஒன்றுக்கு மட்டும் இந்தக் கடன் செல்லாது என்று ஏன் தோன்றுகிறது? திரும்பப் பெற முடியாது என்பது ஒரு காரணம். அது மட்டும் காரணமாக எனக்குப் போதவில்லை. அதன் கண் முன்னால் நிற்கக்கூட முடியாதவர் அதைக் கொல்லவும் கூடாது என்று ஏதோ ஒன்று உள்ளே சொல்கிறது. அது தர்க்கமா, சைவச் சாப்பாட்டு வீட்டில் வளர்ந்த கூச்சமா என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகவில்லை.

மாமாவுக்கு இரண்டாவது முறை எழுதியபோது ஒரு வரி சேர்த்தேன். ரேடியோவில் திசை சொல்லலாம், எங்கே திரும்பிப் பார்க்க வேண்டும் என்று சொல்லலாம். ஆனால் துப்பாக்கி வைத்திருப்பவர் தலையிலிருந்து வால் வரை தன் கண்ணால் பார்க்காமல் விரலை உள்ளே வைக்கக்கூடாது. அவர் கூட்டத்தில் பேசி ஒப்புக்கொண்டார்கள். ரெண்டு வாரம் கழித்து இன்னொரு வாய்ஸ் மெசேஜ். "நீ சொன்ன மாதிரிதான் செய்யறோம் தம்பி. பாத்துட்டு அடிக்கலாம்னு நிக்கிறதுக்குள்ள மூணு பன்னி போயிருச்சு."

கூட்டாளியின் உயிருக்காகப் போட்ட விதி அது. பன்றியை நினைத்துப் போட்டதல்ல. அந்த மூன்றும் இப்போது எந்தக் கன்றின் குருத்தைத் தோண்டிக்கொண்டிருக்கின்றனவோ. மாமா நஷ்டக் கணக்கு சொல்கிறார், கணக்கு சரிதான். அதை முதல் தடவை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது.