வலியைத் தணிப்பது பொறுமைக்கு மாறானதா?

புற்றுநோய் முற்றிய ஒருவர் வீட்டில் வலி தாளாமல் துடிக்கிறார். மருத்துவர் எழுதித் தந்த மார்ஃபின் மாத்திரை கையில் இருந்தும் வீட்டார் கொடுக்கத் தயங்குகிறார்கள். "அது போதை மருந்தாயிற்றே!" என்கிறார் ஒருவர். "வலியினால் பாவம் கழிகிறது, சபூர் செய்யட்டும்" என்கிறார் மற்றொருவர். மார்க்கத்தின் பெயரால் எழும் இத்தயக்கத்தை மார்க்கத்தைக் கொண்டே நாம் ஆராய வேண்டும்.

நோயினால் பாவங்கள் மன்னிக்கப்படுகின்றன என்பது உண்மையே. அது நோயாளியின் உள்ளத்துக்கு ஆறுதல். மருந்தை நிறுத்தி வைக்கப் பக்கத்தில் இருப்போருக்குக் கிடைத்த அனுமதியன்று. ஐயூப் நபி (அலை) அவர்கள் தமக்கு நேர்ந்த துன்பத்தைத் தம் ரப்பிடம் முறையிட்டார்கள் (21:83). அல்லாஹ் அதை நீக்கியருளினான். அவர்களையே பொறுமையாளர் என்று திருமறை போற்றுகிறது (38:44). ஆகவே நிவாரணம் தேடுவதால் பொறுமை குன்றிவிடாது. பொறுமை என்பது நோயாளி தாமே அல்லாஹ்வுக்குச் செலுத்துவது. பிறர் அவரிடம் வசூலிப்பதன்று.

மருத்துவம் செய்துகொள்ளும்படி நாயகம் (ஸல்) அவர்கள் பணித்த நபிமொழி அபூதாவூத், திர்மிதி நூல்களில் உள்ளது. நிர்ப்பந்தத்துக்கு ஆளானவர் வரம்பு மீறாமல் விலக்கப்பட்டதை உண்டால் குற்றமில்லை என்பதும் திருமறையின் சட்டம் (2:173). போதைக்காக அருந்துவது வேறு; வலிக்காக மருத்துவர் அளந்து தருவது வேறு.

உலக சுகாதார நிறுவனம் 1986ல் வகுத்த முறைப்படி, வலி கடுமையானால் மார்ஃபினை வாய்வழியாக, மணி தவறாமல் தர வேண்டும். சாதாரண மார்ஃபின் மாத்திரை சுமார் 4 மணி நேரமே வேலை செய்யும். வலி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தால் அடக்குவது கடினம். முதல் சில நாட்கள் தூக்கக் கலக்கமும் குமட்டலும் இருக்கலாம், பிறகு குறையும். மலச்சிக்கல் நீடிக்கும், அதற்கும் மருந்து கேட்டு வாங்க வேண்டும். வலிக்காக முறையாக உட்கொள்வோர் அதற்கு அடிமையாவது அரிது. ஆனால் மருத்துவர் சொல்லாமல் அளவைக் கூட்டவோ, திடீரென நிறுத்தவோ கூடாது. வலி தணிந்தவரால் படுத்த நிலையிலேனும் மனமொன்றித் தொழ முடிகிறதன்றோ!

ஆனால் மணி தவறாமல் கொடுப்பது யார்? திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் என்றால் 12 மணி நேரம். கணவர் கட்டிங் மேசையிலும் மனைவி ஓவர்லாக் மிஷினிலும் நின்றால்தான் அடுப்பெரியும். பிழைக்க வந்த குடும்பமென்றால் உறவினரும் அருகில் இல்லை. கடைசியில் மகளோ மருமகளோ வேலையை விட்டு, சனிக்கிழமைச் சம்பளத்தை இழந்து, இரவும் பகலும் தனியே சுமக்கிறாள். நலம் விசாரிக்கப் போகும் நாமோ அவளிடமும் "சபூர் செய்யம்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறோம்!

ஹிஜ்ரி 2ல் நடந்த பத்ருப் போருக்கு உஸ்மான் (ரலி) அவர்கள் செல்லவில்லை. நோயுற்றிருந்த தம் மனைவி, நாயகத்தின் மகளார் ருகையா (ரலி) அவர்களைக் கவனிக்க மதீனாவில் தங்கினார்கள். போரில் கலந்துகொண்டவருக்குரிய நற்கூலியும் பங்கும் அவர்களுக்கு உண்டென்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்ததாக புகாரியில் காண்கிறோம். நற்கூலி மறுமைக்கு, பங்கு இம்மைக்கு. நோயாளியைப் பார்ப்பவரின் இம்மைத் தேவையையும் மறக்கலாகாது என்பதே நாம் கொள்ளும் பாடம்.

இது செய்யக்கூடியதே. 1993ல் கோழிக்கோட்டில் வலி தணிப்பு மருத்துவத்துக்கென ஒரு சங்கம் தோன்றியது. பின்னர் மலப்புறம் மாவட்டத்தில் அக்கம்பக்கத்தாரே பயிற்சி பெற்று, சிறு நன்கொடைகளைத் திரட்டி, நோயாளிகளின் வீடு தேடிச் சென்றனர். 1985ஆம் ஆண்டுச் சட்டத்தால் மார்ஃபின் கிடைப்பதில் இருந்த சிக்கலை 2014ஆம் ஆண்டுத் திருத்தம் எளிதாக்கியது. தமிழகத்தில் 2021ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இச்சேவையும் உண்டு. அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.

ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும் இப்படிப்பட்ட வீடுகளைக் கணக்கெடுக்கட்டும். பகலில் ஒரு வேளை மருந்து கொடுக்கவும், இரவில் ஒரு சாமம் விழித்திருக்கவும் அண்டை வீட்டார் முறை வைத்துக்கொள்ளட்டும். இழந்த சம்பளத்தில் ஒரு பகுதியை பைத்துல்மால் ஈடு செய்யட்டும். அதன்பின் நாம் சொல்லும் "சபூர்" என்ற சொல்லுக்குப் பொருள் இருக்கும்.

வல்ல நாயன் நோயுற்றோரின் வலியைத் தணித்து, அவர்களுக்குப் பணிவிடை செய்வோரின் சுமையை நம் கைகளால் இலேசாக்கி அருள்வானாக! ஆமீன்.