கேட்காமல் செய்த நன்மை

மாசி மகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டுக்குப் புறப்படுவார். பிள்ளையில்லாத வல்லாள மகாராஜனுக்கு மகனாக நின்று திதி கொடுக்கும் பயணம் அது. கதை திருவண்ணாமலையில் எல்லாருக்கும் தெரியும். சிவன் அடியார் வேடத்தில் வந்து ஒரு பெண்ணைக் கேட்கிறார். இல்லையென்று சொல்லாத அரசன், கணிகையரை அழைத்துவர ஆள் விடுகிறான். ஊரிலுள்ள கணிகையர் அனைவரையும் சிவகணங்கள் முன்பே பேசி முடித்துவிட்டிருக்கின்றன. வேறு வழியின்றி இளைய ராணியே போகிறாள். அவள் தொட்டதும் அடியார் குழந்தையாகிவிடுகிறார். அரசனின் கொடைக்கும் ராணியின் துணிவுக்கும் கதையில் இடமுண்டு. அந்தக் கணிகையரின் மனத்தை மட்டும் எவரும் கேட்பதில்லை.

அந்தக் கணிகையரைப் போலவே மனம் கேட்கப்படாத தேவதாசிப் பெண்களுக்காகச் சட்டம் எழுதப் புறப்பட்டவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவரும் அவர்களைக் கேட்டுத்தான் எழுதினாரா என்ற கேள்வியை இன்றும் தட்டிக்கழிக்க முடியாது.

1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபுக் குடும்பத்திலிருந்து வந்தவர். 1912இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்ற முத்துலட்சுமி, 1926இல் சென்னை மாகாணச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டு, அதன் துணைத் தலைவராகவும் தேர்வானார். ஓட்டுப் போட்டு அவரை அனுப்பியவர் யாருமில்லை, அரசுதான் நியமித்தது. சிறுமியரைக் கோயிலுக்கு அர்ப்பணித்துப் பொட்டுக் கட்டுவதை நிறுத்தவேண்டும் என்று 1927இல் அவர் தீர்மானம் கொண்டுவந்தபோது, காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி போன்றோர் மரபின் பெயரால் எதிர்த்தார்கள். அதைவிடக் கனமான எதிர்ப்பு தேவதாசிகளிடமிருந்தே வந்தது. சென்னையில் சங்கமாகக் கூடி மனுக் கொடுத்தார்கள். எங்களை விலைமாதரோடு சேர்க்காதீர்கள், எங்களுக்குக் கல்வி கொடுங்கள் என்பது அதன் சாரம். திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாளும் எதிர்த்தவர்களில் ஒருவர். இப்படிப்பட்டவர்களைப் பார்த்து, உங்கள் நன்மை உங்களுக்குத் தெரியாது என்று சொல்லிவிட முடியுமா?

முடியாது. ஆனால் மனுவில் கையெழுத்திட்டவர்கள் வளர்ந்த பெண்கள். பொட்டுக் கட்டப்பட்டவளோ ஏழெட்டு வயதுக் குழந்தையாக இருக்கலாம். தான் தேர்ந்த வாழ்க்கையை ஒரு பெண் காத்துக்கொள்வது நியாயம். அதே வாழ்க்கைக்கு இன்னொரு குழந்தையைக் கட்டிப்போடும் உரிமை அந்த நியாயத்திலிருந்து பிறக்காது, கட்டுகிறவள் பெற்ற தாயாகவே இருந்தாலும். முத்துலட்சுமியின் நிலைப்பாடு இங்கேதான் அசைக்க முடியாததாகிறது.

அவர் சாதித்தவற்றில் மிக நேர்மையானது, அதிகம் பேசப்படாத 1929ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம். கோயில் ஊழியத்துக்காகத் தேவதாசிகளுக்கு மானிய நிலம் உண்டு. ஊழியம் நின்றால் நிலம் போகும். வீட்டில் ஒருத்திக்கேனும் பொட்டுக் கட்டியாகவேண்டிய கட்டாயத்தில் பக்திக்கு எவ்வளவு பங்கிருந்ததோ, அந்த நிலத்துக்கும் அவ்வளவு பங்கிருந்தது. இந்து அறநிலையச் சட்டத்தில் செய்யப்பட்ட அந்தத் திருத்தம் நிலத்தை ஊழியத்திலிருந்து பிரித்தது. கோயிலுக்கு ஒரு தொகை கட்டிவந்தால் நிலம் அவர்களிடமே இருக்கும், ஊழியம் செய்யவேண்டியதில்லை. தடை வருவதற்கு முன்னால் சோற்றுக்கு வழி செய்யப்பட்டது. சீர்திருத்தம் பேசுகிறவர்கள் இந்த வரிசையைத்தான் பெரும்பாலும் மறந்துபோகிறார்கள்.

பொட்டுக் கட்டுவதையே தடுக்கும் மசோதாவை 1930இல் கொண்டுவந்தார். அதே ஆண்டு காந்தி கைதானதைக் கண்டித்துப் பதவியை விட்டு விலகினார். மசோதா நின்றுபோய், 1947இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில்தான் சட்டமாயிற்று. இடையில் பதினேழு ஆண்டுகள். விலகாமல் இருந்திருந்தால் விரைவில் நிறைவேறியிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஆண்டுகளில் பொட்டுக் கட்டப்பட்ட ஒவ்வொரு சிறுமியையும் அந்த ராஜினாமாவுக்கு எதிரே நிறுத்திப் பார்க்கத்தான் வேண்டும். தேசத்துக்கான கடமையும் அவரை விட்டால் அவையில் பேச ஆளில்லாத குழந்தைகளுக்கான கடமையும் மோதியபோது அவர் முதலாவதைத் தேர்ந்தார். ஓடிவந்த சிறுமியருக்கு விடுதிகள் கதவடைத்தபோது தம் வீட்டிலேயே இடம் கொடுத்ததும், அது ஔவை இல்லமாக வளர்ந்ததும், அவர் இரண்டாவதையும் கைவிடவில்லை என்பதைக் காட்டுகின்றன.

இழப்பும் உண்டு. தாயிடமிருந்து மகளுக்குப் போய்க்கொண்டிருந்த சொத்துரிமை தேய்ந்தது. தலைமுறைகளாகக் காத்த சதிர், பரதநாட்டியம் என்ற பெயரில் வேறு வீட்டுப் பெண்களின் மேடைகளுக்குப் போனது. அப்படி வெளியிலிருந்து வந்த ருக்மிணி தேவி 1935இல் ஆடியபோது கிடைத்த மரியாதை, அதை ஆடிவந்த குடும்பத்துப் பெண்களுக்குக் கிடைக்கவில்லை. இந்தப் பழியைச் சட்டத்தின் தலையில் மட்டும் போடுவது தவறு. ஆட்டத்தை எடுத்துக்கொண்டு ஆடியவளை வாசலில் நிறுத்தியது சமூகம். என்றாலும் கல்வி கேட்டுக் கொடுத்த அந்த மனுவுக்குச் சட்டசபை முழுப் பதில் தரவில்லை. 1929இல் நிலத்துக்குக் காட்டிய அக்கறையைக் கலைக்கும் காட்டியிருக்கலாம். மனு சபையின் கையில்தான் இருந்தது.