தப்பும் சிவப்பு மையும்

தப்பு என்பது குற்றமா, சேதியா?

எங்கள் கணக்கு வாத்தியாருக்கு அதில் சந்தேகமே இருந்ததில்லை. விடைக்குக் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு. உள்ளங்கையில் ஓர் அடி. எங்கே பிசகிற்று என்று அவரும் கேட்டதில்லை, நாங்களும் தேடியதில்லை.

1967-ல் அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட்டும் அவருடைய சகாக்களும் குழந்தைகளுக்கென்றே 'லோகோ' என்ற கம்ப்யூட்டர் பாஷையை உண்டாக்கினார்கள். பிற்பாடு அதில் ஓர் ஆமை வந்து சேர்ந்தது. முன்னே போ, திரும்பு என்றால் அப்படியே செய்யும். போன வழியெல்லாம் கோடு விழும்.

சமபக்க முக்கோணம் போடச் சொன்னால் பல குழந்தைகள் மூலைக்கு மூலை 60 டிகிரி திரும்பச் சொல்லும். முக்கோணத்தின் கோணம் 60 தானே! ஆனால் மூன்று கோடு போட்டதும் திரையில் நிற்பது அறுகோணத்தில் பாதி. ஆமை வைவதில்லை. குழந்தை எழுந்து தானே ஆமையாகத் தரையில் நடந்து பார்க்கிறது. திரும்பவேண்டியது 120 என்று காலுக்குத் தெரிந்துவிடுகிறது. வெளிக்கோணத்தைக் காட்டிக்கொடுத்தது அந்தத் தப்புதான்.

அப்படியானால் யந்திரம்தான் நல்ல வாத்தியாரா? அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. அதற்குக் கோபமில்லை; அக்கறையும் இல்லை. குழந்தை அழுதுகொண்டே எழுந்து போனால் ஆமை அங்கேயே நிற்கும். கூப்பிட்டு உட்கார வைக்க ஒரு மனிதர் வேண்டும்.

போன வாரம் என் மகன் கணக்கு நோட்டை நீட்டினான். பாதி தப்பு. என் கை தானாக ஓங்கிற்று. அவன் கண்ணில் இருந்தது எனக்குப் பழக்கமான பயம்.

கையை இறக்கிக்கொண்டு, "எங்கேடா பிசகிற்று? வா, பார்க்கலாம்" என்றேன். அவன் கிட்டே வரக் கொஞ்ச நேரமாயிற்று.