ஒருமையை நம்பிய ஆய்வாளர்

1917 நவம்பர் 30 அன்று கல்கத்தாவில் தம் ஆய்வு நிறுவனத்தைத் திறந்துவைத்த ஜகதீச சந்திர போஸ், அதை ஆய்வுக்கூடமாக மட்டுமின்றிக் கோயிலாகவும் அர்ப்பணிப்பதாகச் சொன்னார். உயிருள்ளதற்கும் உயிரற்றதற்கும் அடியில் ஒரே நியமம் ஓடுகிறது என்பது பிரம்ம சமாஜக் குடும்பத்தில் வளர்ந்த அவரது ஆழ்ந்த நம்பிக்கை. இத்தகைய நம்பிக்கையோடு சோதனை மேசைக்கு வருவது அறிவியலுக்குக் கேடு என்பார்கள். நான் அதை ஏற்கவில்லை. நம்பிக்கை எதுவானாலும், தான் தோற்கக்கூடிய இடத்தையும் அது சுட்டிக் காட்டுகிறதா என்பதுதான் கேள்வி.

போஸ் 1885இல் கல்கத்தாவின் பிரசிடென்சி கல்லூரியில் ஆசிரியரானார். ஐரோப்பியருக்குத் தந்ததைவிடக் குறைந்த சம்பளத்தை ஏற்க மறுத்து, மூன்று ஆண்டுகள் ஊதியமே வாங்காமல் பாடம் நடத்தினார். 1890களில் அங்கே அவர் செய்த நுண்ணலை ஆய்வும் ஓர் ஒருமையைப் பற்றியதுதான்: ஒளியும் மின்காந்த அலையும் ஒன்று என்ற மாக்ஸ்வெல்லின் கருத்து. அலைநீளம் மீட்டர் கணக்கில் இருந்தால் கருவிகளும் பெரிதாகிவிடும். அதனால் அவர் சில மில்லிமீட்டர் அலைகளை உண்டாக்கி, சோதனை முழுவதையும் ஒரு மேசையில் அடக்கினார். பட்டகத்தில் அலை வளைந்தது. முறுக்கிய சணல் நார்க்கட்டு அதன் அதிர்வுத் தளத்தைத் திருப்பியது. வளையாமல் போயிருந்தால் அந்த ஒருமை அங்கேயே அடிபட்டிருக்கும்.

அலையை உணரும் உலோகத் தொடுமுனைகள் தொடர்ந்து வேலை செய்தால் சோர்ந்தன, ஓய்வுக்குப் பின் மீண்டன. வேறொருவர் இதைக் கருவியின் தொல்லை என்று ஒதுக்கியிருப்பார். ஒருமையை நம்பியதால்தான் போஸ் அதில் தசையின் களைப்பைக் கண்டு, உலோகம், செடி, தசை மூன்றின் மறுவினைக் கோடுகளையும் 1902இல் ஒரே நூலில் அருகருகே வைத்தார். கோடுகள் ஒத்திருப்பதால் பொருள்கள் ஒன்றாகிவிடுமா என்ற உடலியலாளர்களின் ஆட்சேபம் சரியானதே. எந்தக் கோடு வந்தால் தம் கருத்து பொய்யாகும் என்று முன்கூட்டிச் சொல்ல மாக்ஸ்வெல்லின் சமன்பாடு போன்ற எதுவும் போஸிடம் இல்லை. அப்படியானால் தத்துவத்தை ஆய்வுக்கூட வாசலிலேயே நிறுத்தியிருக்க வேண்டாமா? நிறுத்தியிருந்தால் தொட்டாற்சிணுங்கியின் மின் சைகைகளை அவ்வளவு பொறுமையாக அளந்திருக்க மாட்டார். அந்த அளவீடுகளின் சாரம் பின்னாளில் உறுதியாயிற்று. துடிக்கும் உயிரணுக்களே மரத்தில் நீரை மேலேற்றுகின்றன என்ற அவரது விளக்கம் நிலைக்கவில்லை. இரண்டுக்கும் ஊற்று அதே நம்பிக்கைதான். பிரித்துக் காட்டியவை பின்னால் வந்தவர்களின் அளவுகள்.