வராத பஸ்

ஜெர்மனி நாட்டின் டூசல்டார்ஃப் நகரில், பென்ராத் முதியோர் இல்லத்தார் தங்கள் வாசலில் ஒரு பஸ் நிறுத்தம் அமைத்தனர். பலகை உண்டு, உட்காரப் பெஞ்சு உண்டு, பஸ் மட்டும் வராது. மறதிநோய் கண்ட முதியவர்கள், "வீட்டுக்குப் போக வேண்டும், பிள்ளைகள் காத்திருப்பார்கள்" என்று புறப்பட்டு வழிதவறிப் போவதுண்டு. இந்தப் பலகையைக் கண்டால் உட்கார்ந்துவிடுவார்கள். ஊழியர் வந்து, "பஸ் வர நேரமாகும், உள்ளே வந்து காப்பி அருந்துங்கள்" என்பார். சற்று நேரத்தில் புறப்பட்டதே மறந்துபோகும்.

இது பொய்யல்லவா? பலகையில் ஒன்று, உள்ளே ஒன்று வைத்து விற்பவனை நாம் வியாபாரி என்பதில்லை. ஆனால் உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? "உங்கள் தாயார் இறந்து நாற்பது வருடமாயிற்று" என்று கேட்டவர், அன்றுதான் தாயை இழந்தவர் போல அழுவார். மறந்துவிட்டு மறுநாளும் கேட்பார், மறுநாளும் அழுவார்.

கள்ளத் தராசில் இலாபம் விற்பவனுக்கு. இங்கே இலாபம் யாருக்கு என்பதையே நாம் நிறுத்துப் பார்க்க வேண்டும். முதியவரை உட்காரவைத்துவிட்டு ஊழியர் அகன்றுவிட்டால், அது ஏமாற்றுத்தான். அருகில் அமர்ந்து, "பிள்ளைகளுக்கு என்ன சமைப்பீர்கள்?" என்று கேட்டால், பொய்யே தேவைப்படாது. வீட்டைத் தேடுகிறவர், தம்மை எதிர்பார்க்கும் ஒருவரைத் தேடுகிறார்.

கடையை விட்டுப் பல்லாண்டான நம் வீட்டுப் பெரியவர், "கடை திறக்க நேரமாயிற்று" என்று எழுந்தால், "கடை ஏது?" என்று அதட்டவும் வேண்டாம்; "இன்று விடுமுறை" என்று புளுகவும் வேண்டாம். "அத்தா, காலையில் முதலில் எந்தச் சரக்கை எடுத்து வைப்பீர்கள்?" என்று கேட்டுப் பக்கத்தில் உட்காருவோம். அதற்கு நேரம் வேண்டும். வியாபாரிகளாகிய நாம் காசைத் தாராளமாகக் கொடுத்துவிடுவோம், நேரத்தைக் கொடுப்போமா?